வெள்ளை படுகிறதா? நிறத்தைப் பாருங்கள்

நர்சம்மா கேட்பார். "நல்லா சாப்பிடுறியா? பிள்ளை துடிக்குதா?" நாம் தலையை ஆட்டுவோம். "வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று கேட்பார். அப்போது நாம் தரையைப் பார்ப்போம். "ஒண்ணும் இல்லைம்மா" என்று சொல்லி எழுந்து வந்து விடுவோம்.

வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு அக்காவிடம் மெதுவாகச் சொல்வோம். "அக்கா, எனக்கு வெள்ளை நிறைய படுது. பயமா இருக்கு."

அந்த அக்காவுக்கும் பயம்தான். அவர் என்ன செய்வார்?

கர்ப்பமாக இருக்கும்போது வெள்ளை படுவது பற்றிய பாடம் இது. எல்லா வெள்ளையும் நோய் இல்லை. சில வெள்ளைக்கு வைத்தியம் வேண்டும். சிலர் வெள்ளை என்று நினைத்துக்கொண்டு இருப்பது வெள்ளையே இல்லை. அதுதான் ஆபத்து. மூன்றையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வோம்.

இது எங்கிருந்து வருகிறது?

பெண்ணின் அடிவயிற்றில் கருப்பை இருக்கிறது. அதன் கீழே ஒரு சிறிய வாசல் உண்டு. அதற்குக் கருப்பை வாய் என்று பெயர். அந்த வாசலில் இருந்து வெளியே வரும் பாதைக்கு யோனி என்று பெயர். மாதவிலக்கு இந்த வழியாக வருகிறது. பிள்ளையும் இந்த வழியாகப் பிறக்கிறது.

மூத்திரம் வரும் துவாரம் வேறு. அது சற்று மேலே, தனியாக இருக்கிறது. வகுப்பில் இதைச் சொன்னபோது மூன்று பிள்ளை பெற்ற அக்காக்களே "அப்படியா!" என்றார்கள். நம் உடம்பை நாமே பார்த்தது இல்லை. யாரும் நமக்குச் சொன்னதும் இல்லை.

வாயில் எச்சில் ஊறுகிறது. கண்ணில் ஈரம் இருக்கிறது. அதுபோல இந்தப் பாதையிலும் ஈரம் ஊறுகிறது. அது உள்ளே இருக்கும் அழுக்கைத் தானே வெளியே கொண்டு வருகிறது. அதைத்தான் வெள்ளை என்கிறோம். பெரிய மனுஷி ஆன எல்லாப் பெண்களுக்கும் இது உண்டு.

கர்ப்பம் ஆனதும் உடம்பில் சில சுரப்புகள் கூடுகின்றன. இடுப்புப் பக்கம் ரத்த ஓட்டம் கூடுகிறது. அதனால் வெள்ளையும் கூடுகிறது. மாதம் ஏற ஏற இன்னும் கூடும். கிருமி மேலே ஏறிப் பிள்ளை இருக்கும் இடத்துக்குப் போகாமல் இது காவல் காக்கிறது. கருப்பை வாயிலும் கோழை போன்ற ஒன்று கெட்டியாக அடைத்து நிற்கிறது. ஊறுகாய் ஜாடியின் வாயைத் துணியால் கட்டி வைப்போம் அல்லவா? அந்த மாதிரி.

சாதாரண வெள்ளை தண்ணீர் கலந்த பால் போல இருக்கும். அல்லது கண்ணாடி போலத் தெளிவாக, வழவழப்பாக இருக்கும். கெட்ட நாற்றம் இருக்காது. அரிப்பு இருக்காது. எரிச்சல் இருக்காது. துணியில் காய்ந்தால் லேசாக மஞ்சள் கறை தெரியலாம். இதற்கு மருந்து வேண்டாம்.

எலும்பு உருகுமா?

எங்கள் வகுப்பில் ஒரு பாட்டி சொன்னார். "எலும்புதான் உருகி வெள்ளையாப் போகுது. அதான் இடுப்பு இந்த வலி வலிக்குது."

இந்தப் பேச்சு பல ஊர்களில் இருக்கிறது. ஆனால் எலும்பு உருகுவது இல்லை. எலும்பில் இருந்து இந்தப் பாதைக்கு வழியும் இல்லை. பிள்ளையின் பாரத்தை இடுப்புதான் சுமக்கிறது. அதனால் வலிக்கிறது. களைப்புக்குக் காரணம் பல நேரம் ரத்தசோகை. 2019 முதல் 2021 வரை நம் நாட்டில் குடும்ப நலக் கணக்கெடுப்பு நடந்தது. அதில் 100 கர்ப்பிணிகளில் 52 பேருக்கு ரத்தசோகை இருந்தது தெரிந்தது. வெள்ளையைப் பார்த்துப் பயப்படுகிறோம். ஆஷா கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையை முழுங்காமல் அலமாரியில் வைக்கிறோம்.

"உடம்பு சூடு" என்று மோர், இளநீர் கொடுப்பார்கள். குடியுங்கள். உடம்புக்கு நல்லதுதான். ஆனால் நாற்றம் அடிக்கும் வெள்ளையை மோர் குணப்படுத்தாது.

நிறம் மாறினால், நாற்றம் வந்தால்

இனி வருவது நர்சம்மாவிடம் போக வேண்டிய வெள்ளை.

திரிந்த பால் போல, தயிர்க்கட்டி போல வெள்ளை வரும். அந்த இடத்தில் தாங்க முடியாத அரிப்பு எடுக்கும். தோல் சிவந்து போகும். மூத்திரம் பட்டால் எரியும். இது ஒரு பூஞ்சை. மழைக்காலத்தில் ஈரத் துணியில் பூஞ்சை பூக்கிறது அல்லவா? அந்த இனத்தைச் சேர்ந்தது. கர்ப்பத்தில் இது அதிகம் வரும். பிள்ளைக்குப் பொதுவாகக் கெடுதல் செய்யாது. அம்மாவைத்தான் தூங்க விடாது. உள்ளே வைக்கும் மாத்திரை அல்லது களிம்பு கொடுப்பார்கள். இரண்டே நாளில் அரிப்பு நின்று விடலாம். அதற்காக மருந்தை நிறுத்த வேண்டாம். சொன்ன நாள் வரை வையுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் ரத்தத்தில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை கூடினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

மருந்துக் கடையில் நாமே மாத்திரை கேட்டு வாங்கக் கூடாது. அரிப்புக்கு வாயில் போடும் மாத்திரை ஒன்று உண்டு. மற்றவர்களுக்கு அது சரி. கர்ப்பிணிக்கு அதைப் பொதுவாகத் தருவது இல்லை. கடைக்காரருக்கு நீங்கள் கர்ப்பிணி என்று எப்படித் தெரியும்? அதுவும் வீட்டுக்காரரை அனுப்பி வாங்கினால்?

இன்னொரு வகை வெள்ளை சாம்பல் நிறமாக, தண்ணீராக இருக்கும். மீன் நாற்றம் அடிக்கும். கணவருடன் சேர்ந்த பிறகு நாற்றம் கூடும். நம் பாதையில் நல்ல கிருமிகளும் இருக்கின்றன. பாலைத் தயிராக்கும் கிருமிக்கு அவை உறவு. அந்த நல்ல கிருமிகள் குறைந்து போனால் மற்றவை பெருகி விடும். இதைக் கவனிக்காமல் விட்டால் குறை மாதத்தில் பிரசவம் ஆகும் ஆபத்து கூடுகிறது. மாத்திரையால் இது குணமாகும்.

மஞ்சளாக அல்லது பச்சையாக, நுரையோடு வந்தால் அது உடலுறவு வழியாக ஒட்டும் நோயாக இருக்கலாம். இதற்குக் கணவரும் சேர்ந்து மருந்து சாப்பிட வேண்டும். மனைவி மட்டும் சாப்பிட்டால் அவரிடம் இருந்து திரும்பவும் ஒட்டிக்கொள்ளும். இங்கேதான் வீட்டில் சண்டை வருகிறது. "உனக்கு எங்கே இருந்து வந்தது?" என்று கேட்கிறார்கள். சில நோய்கள் ஆண் உடம்பில் வெளியே தெரியாமல் பல நாள் இருக்கும். வீட்டில் பேச முடியாவிட்டால் நர்சம்மாவிடம் அதைச் சொல்லுங்கள். கணவரை வரச் சொல்லி அவரே பேசுவார். பல அரசு மருத்துவமனைகளில் இதற்கென்றே 'சுரக்ஷா கிளினிக்' இருக்கிறது. அங்கே கேட்டதை வெளியே சொல்ல மாட்டார்கள்.

இந்த நோய்களில் சில, பிறக்கும்போது பிள்ளையின் கண்ணைப் பாதிக்கும். அதனால் வெட்கத்தை விடப் பிள்ளையின் கண் பெரிது என்று நான் சொல்வேன். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. "சின்னப் பொண்ணு இதைப் பேசுதே" என்று சிலர் சிரித்தார்கள். பிறகு அவர்களே தனியாக வந்து கேட்டார்கள்.

மூத்திரமா? வெள்ளையா? தண்ணீரா?

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். சத்தமாகப் படியுங்கள். வீட்டில் மாமியார் இருந்தால் அவருக்கும் கேட்கட்டும்.

ஒரு அக்கா தன் கதையை வகுப்பில் சொன்னார். அப்போது அவருக்கு எட்டாம் மாதம். களை எடுக்கும்போது பாவாடை நனைந்தது. மூத்திரம் சொட்டுகிறது என்று நினைத்தார். வயிறு பெரிதானால் அப்படி ஆகும் என்று பலர் சொல்லிக் கேட்டிருந்தார். மறுநாளும் நனைந்தது. மாமியாரிடம் சொன்னார். "வெள்ளைதான். நல்லா தண்ணியா படுது. எனக்கும் பட்டுச்சு" என்றார் மாமியார். அவர் பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். மூன்றாம் நாள் இரவு காய்ச்சல் வந்தது. உடம்பு நடுங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பனிக்குடம் உடைந்து மூன்று நாள் ஆகி விட்டது என்றார் டாக்டர். அன்றே பிரசவம் ஆயிற்று. பிள்ளையைப் பல நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. இப்போது பள்ளிக்கூடம் போகிறது. "அந்த மூணு நாளும் நான் சும்மா வேலை செஞ்சுகிட்டு இருந்தேனே" என்று சொல்லும்போது அந்த அக்காவுக்கு இன்றும் கண் கலங்குகிறது.

பனிக்குடம் என்பது ஒரு பை. பிள்ளை அதற்குள் தண்ணீரில் மிதக்கிறது. பிரசவ வலி வந்த பிறகு இந்தப் பை உடைவதுதான் வழக்கம். சிலருக்கு வலி வரும் முன்பே உடைந்து விடும். குடத்தைக் கவிழ்த்தது போல் கொட்டினால் எல்லோருக்கும் தெரியும். சொட்டுச் சொட்டாகக் கசிந்தால்தான் ஏமாந்து போகிறோம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் மூத்திரம் போய் விட்டு வாருங்கள். சுத்தமான, காய்ந்த பருத்தித் துணியை மடித்து வையுங்கள். வெளிர் நிறத் துணியாக இருக்கட்டும். அரை மணி நேரம் நடமாடுங்கள். பிறகு துணியைப் பாருங்கள். முகர்ந்தும் பாருங்கள். மூத்திரம் என்றால் அந்த வாடை தெரிந்து விடும். இருமினால், தும்மினால், சிரித்தால் வரும். பிறகு நிற்கும். வெள்ளை என்றால் துணியில் பிசுபிசுப்பாக ஒட்டி இருக்கும். பனிக்குடத் தண்ணீர் என்றால் துணி தண்ணீரில் நனைத்தது போல் இருக்கும். மூத்திர வாடை இருக்காது. அடக்கினாலும் நிற்காது. எழுந்தால், திரும்பிப் படுத்தால் மறுபடி வரும்.

அப்படி இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். விடியட்டும் என்றும் காத்திருக்க வேண்டாம். சந்தேகமாக இருந்தாலும் போங்கள். அந்தத் துணியை எறிய வேண்டாம். ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். டாக்டர் பார்த்தால் அவருக்கு உதவும். உள்ளே துணியோ மருந்தோ வைக்கக் கூடாது. கணவருடன் சேரக் கூடாது.

பை உடைந்தால் காவல் போயிற்று. கிருமி உள்ளே ஏறும். தாய்க்கும் பிள்ளைக்கும் காய்ச்சல் வரும். குறை மாதம் என்றால் ஆஸ்பத்திரியில் கிருமியைத் தடுக்க மருந்து கொடுப்பார்கள். பிள்ளையின் நுரையீரல் பலப்படவும் ஊசி போடுவார்கள். அந்த ஊசி வேலை செய்ய நேரம் வேண்டும். நாம் சீக்கிரம் போனால்தான் அந்த நேரம் கிடைக்கும்.

தண்ணீர் பச்சையாக அல்லது பழுப்பாக இருந்தால் பிள்ளை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது. ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

ரத்தம் பட்டால்

கர்ப்பத்தில் ரத்தம் பட்டால் கொஞ்சமோ நிறையவோ, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "வலி இல்லையே" என்று இருந்து விடக் கூடாது. கடைசி மாதங்களில் வலி இல்லாமல் ரத்தம் போவது மிகவும் ஆபத்து. நஞ்சு கீழே இறங்கிக் கருப்பை வாயை மூடி இருக்கலாம். அப்போது வீட்டில் யாரும் கையை உள்ளே விட்டுப் பார்க்கக் கூடாது. அனுபவம் உள்ள மருத்துவச்சிப் பாட்டியும் பார்க்கக் கூடாது. ரத்தம் குபுகுபு என்று கொட்டி விடும். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நாள் நெருங்கும்போது ஜவ்வு போல, கோழை போல ஒன்று வரும். அதில் ரோஜா நிறத்தில் லேசாக ரத்தக் கீற்று இருக்கும். ஜாடி வாயை அடைத்திருந்தது என்று சொன்னோமே, அதுதான் கழன்று வருகிறது. சில மணி நேரத்தில் வலி வரலாம். சில நாளும் ஆகலாம். துணிமணியை எடுத்து வையுங்கள். நர்சம்மாவுக்குச் சொல்லி அனுப்புங்கள். இதுவே 37 வாரம் முடியும் முன் வந்தால் காத்திருக்க வேண்டாம். உடனே போங்கள். நான்கு வாரம் ஒரு மாதம் என்று எண்ணினால், பத்தாம் மாதம் பிறந்து ஒரு வாரம் ஆனால் 37 வாரம்.

கழுவுவது எப்படி?

வெறும் தண்ணீர் போதும். வெளியே மட்டும் கழுவுங்கள். முன்னால் இருந்து பின்னால் கழுவுங்கள். பின்னால் இருந்து முன்னால் கழுவினால் மலத்தின் கிருமி உள்ளே போகும். சோப்பு, கிருமிநாசினித் தண்ணீர், எலுமிச்சைச் சாறு எதையும் உள்ளே விடக் கூடாது. காவல் இருக்கும் நல்ல கிருமிகள் செத்துப் போகும். பருத்தித் துணி கட்டுங்கள். ஈரமானால் மாற்றுங்கள். துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். பெண்கள் துணியை மறைவாக, வெயில் படாத மூலையில் போடுகிற வழக்கம் எங்கும் இருக்கிறது. பூஞ்சைக்கு அந்த மூலைதான் பிடிக்கும்.

போகும் இடம்

அரசு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிக்குச் சோதனை, மருந்து, பிரசவம், ஆபரேஷன் எல்லாம் இலவசம். 2011-ல் இதற்கென்று ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் வந்தது. நான்காம் மாதம் முதல் ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி டாக்டரே பார்க்கும் திட்டம் 2016-ல் வந்தது. ஆம்புலன்ஸுக்கு 108. சில மாநிலங்களில் கர்ப்பிணிகளுக்கு 102. உங்கள் ஊரில் எது என்று ஆஷாவிடம் கேட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

வேலைக்காக வேறு மாநிலம் போன நம் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வெட்கத்தோடு மொழியும் சேர்ந்து வாயை அடைக்கிறது. இந்திக்காரர்களிடம் 'சபேத் பானி' என்று சொன்னால் போதும். வெள்ளைத் தண்ணீர் என்று அர்த்தம். தெலுங்கில் 'தெல்ல பட்ட'. கன்னடத்தில் 'பிளி செரகு'. மலையாளத்தில் 'வெள்ளபோக்கு'. ஊர் ஊராகப் பேர் மாறுகிறது. எல்லாப் பேரிலும் வெள்ளை இருக்கிறது. எல்லா ஊர்ப் பெண்களுக்கும் இது உண்டு என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

எழுதுவோம்

வாயால் சொல்ல வரவில்லையா? இப்போது நமக்கு எழுதத் தெரியும். ஒரு சீட்டில் எழுதித் தாய் சேய் அட்டைக்குள் வையுங்கள். நர்சம்மா அட்டையைக் கேட்கும்போது சீட்டும் அவர் கைக்குப் போய்விடும். ஒரு தங்கை எழுதிய சீட்டு கீழே இருக்கிறது. படியுங்கள். உங்கள் நோட்டில் உங்களுக்கு உள்ளதை எழுதுங்கள். தண்ணீர் கசிந்தாலும் ரத்தம் பட்டாலும் சீட்டு எழுதிக்கொண்டு இருக்க வேண்டாம். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நர்சம்மாவுக்கு வணக்கம்.
எனக்கு இது ஏழாம் மாதம்.
ஐந்து நாளாக வெள்ளை அதிகம் படுகிறது.
நிறம்: தயிர்க்கட்டி போல.
நாற்றம்: இல்லை.
அரிப்பு: இருக்கிறது. ராத்திரி அதிகம்.
தண்ணீர் போல் கசிவு: இல்லை.
ரத்தம்: இல்லை.
பிள்ளை நன்றாகத் துடிக்கிறது.
மருந்து எதுவும் வாங்கிச் சாப்பிடவில்லை.
எல்லோர் முன்னாலும் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பாருங்கள் அம்மா.